டைட்டன் மூட்டத்துக்குள்ள இருக்குறத இங்க உக்காந்தே எப்படி கண்டுபிடிச்சாங்க?

பூம்பாறை_பூண்டு:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொடைக்கானல் பக்கம், கைல 8 இன்ச் டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கு, கையாலயே தள்ளித் திருப்புறது. போன வாரம் ரெண்டு நாள் வானம் நல்லா தொறந்துச்சு, சனிய பாத்தேன், பக்கத்துல அதோட நிலா டைட்டன் சும்மா ஒரு புள்ளி, எந்த ஐபீஸ் (கண்ணு வச்சு பாக்குற லென்ஸ்) மாத்தினாலும் புள்ளிதான். ஆனா 1944லயே கைப்பர்ங்கற வானியல் விஞ்ஞானி அங்க மீத்தேன் இருக்குன்னு சொல்லிட்டாராம். 1980ல வாயேஜர் 1 விண்கலம் கிட்டயே போயும் ஆரஞ்சு உருண்டைய தவிர தரை தெரியலயாம். கிட்ட போனதுக்கே தெரியாதப்ப இங்க இருந்தவருக்கு எப்படி தெரிஞ்சுது? வர்றது திரும்பி வர்ற சூரிய வெளிச்சம் மட்டும்தானே. பெருமாள்மலைல மேகம் இறங்குனப்ப ஹைபீம் போட்டா வெள்ளச் சுவர் மாதிரி நம்ம மூஞ்சிலயே அடிக்கும், அதுல இருந்து என்னத்த தெரிஞ்சுக்கறது?

குன்னூர்_ரயில்:
ஹைபீம் போட்டது உங்க தப்பு தல. 😀

முத்தோரை_மூடுபனி:
தம்பி, திரும்பி வர்ற வெளிச்சத்துல எது வரலன்னு பாக்கணும், சூட்சுமம் அங்கதான். சூரிய வெளிச்சம் டைட்டன் காத்துக்குள்ள போய்ட்டு வர்றப்ப மீத்தேன் தனக்கு வேண்டிய நிறத்த தின்னுடும், 619 நானோமீட்டர் அலைநீளத்துக்கு கிட்ட ஒரு கடி, 889 கிட்ட பெரிய கடி. கைப்பர் ஸ்பெக்ட்ரத்துல, அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்ச பட்டைல, பாத்தது இந்த மாதிரி பள்ளத்ததான். சூரியனோட சொந்த கோடுகளும் அதுல கலந்து வரும், அதனால நம்ம நிலாவோட ஸ்பெக்ட்ரத்த எடுத்து வகுத்துடணும், நிலாவுல காத்தே இல்லன்னு சொல்லலாம், அதனால அது அப்படியே சூரியன்தான். ரெண்டும் வானத்துல ஒரே உயரத்துல இருக்கறப்ப எடுத்தா நம்ம ஊர் ஆக்சிஜன், ஈரம் போட்ட கோடும் பெரும்பாலும் அடிபட்டுடும்.

இன்னொரு விஷயம், மீத்தேன் ரொம்ப தின்னுற நிறத்துல வெளிச்சம் ஆழமா போகவே முடியாது, மேல இருக்குற மூட்டத்துல பட்டு திரும்புறது மட்டும்தான் நமக்கு வரும். மீத்தேன் சும்மா விடுற நிறத்துல தரை வரைக்கும் போய்ட்டு வரும். ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் 1994ல 940 நானோமீட்டர் கிட்ட பாத்துதான் தரைல வெளுப்பு கறுப்பு பிரிச்சாங்க. நிறத்த மாத்த மாத்த வேற வேற உயரம், கெணத்துல கயிறு விட்டு ஆழம் பாக்குற மாதிரி.

கோத்தகிரி_தேயிலை:
மூடுபனி அண்ணா சொன்னது சரி, ஆனா தம்பியோட மேகக் கணக்கு டைட்டனுக்கு ஒத்து வராது. நம்ம மேகத்துல துளி பெருசு, வெளிச்சத்தோட அலைய விட பல மடங்கு, அதனால மஞ்ச லைட் போட்டாலும் வெள்ள லைட் போட்டாலும் ஒண்ணுதான். டைட்டன்ல இருக்குறது சருகு கொளுத்துற புகை மாதிரி, ரொம்ப பொடி. சாயங்காலம் எஸ்டேட்ல சருகு எரிக்கறப்ப பாருங்க, கறுப்பு சோலைக்கு முன்னாடி புகை நீலமா தெரியும், அதே புகைக்கு பின்னாடி சூரியன் வந்தா செம்மண் கலர். நீல வெளிச்சத்த சிதறடிச்சுட்டு சிவப்ப விட்டுடுது. அதனாலதான் இன்ஃப்ராரெட் போனா மூட்டம் கொஞ்சம் கொஞ்சமா விலகும். ஆனா டைட்டன் ஆரஞ்சா இருக்குறதுக்கு காரணம் அது இல்ல, அந்தப் பொடியே நீலத்த தின்னுடுது. மீத்தேனும் நைட்ரஜனும் வெயில்ல உடைஞ்சு ஒட்டி ஒட்டி உண்டான பொடி அது, தோலின்னு பேரு.

அப்புறம் உங்க ஹைபீம்... எதுத்தாப்ல பஸ் வர்றப்ப பாத்திருக்கீங்களா? பஸ்ஸே தெரியாது, மேகம் முழுக்க ஜெகஜோதியா இருக்கும். வெளிச்சம் முன்னாடி பக்கமாதான் அதிகம் சிதறும். டைட்டனும் அப்படித்தான், சனிய சுத்தி வந்த காசினி விண்கலம் அதுக்கு பின்னாடி போய் சூரியன் பக்கமா பாத்தா பகல் பக்கத்த விட பிரகாசமா இருந்துச்சு, 2017ல பேப்பர் வந்துச்சு. பூமில இருந்து இத பாக்கவே முடியாது, சனி நமக்கு எப்பவும் கிட்டத்தட்ட பௌர்ணமிதான், சனில இருந்து பாத்தா சூரியனுக்கும் பூமிக்கும் நடுவுல கோணம் 6.5 டிகிரிய தாண்டாது. அதுக்காகத்தான் அங்கயே போகணும். அதே காசினி 2009ல 5 மைக்ரான் இன்ஃப்ராரெட் கிட்ட வடக்குல ஒரு ஏரில சூரியன் பளிச்சுன்னு மின்னுனத படம் எடுத்துச்சு, மீத்தேன் ஏரி, -179 டிகிரி குளிர்ல.

பூம்பாறை_பூண்டு:
அண்ணா செம. பஸ் உதாரணத்துல பல்ப் எரிஞ்சுது. இந்த ஸ்பெக்ட்ரத்த நான் 8 இன்ச்ல எடுக்க முடியுமா? ஐபீஸ்ல திருகுற கிரேட்டிங், வெளிச்சத்த நிறமா பிரிக்கிற கண்ணாடி, ஒண்ணு வாங்கிட்டேன்.

முத்தோரை_மூடுபனி:
எடுத்ததுமே டைட்டனுக்கு போகாதீங்க. அது 8.4 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினா மங்கல்), டாப்சோனியன் வானம் நகர்றதுக்கு ஏத்த மாதிரி தானா ட்ராக்கும் பண்ணாது, கொஞ்ச நேரத்துல ஓடிப் போய்டும். மொதல்ல யுரேனஸ் எடுங்க, 5.7, மீத்தேன் பள்ளம் ஜாஸ்தி. அப்புறம் டைட்டன் சனிய விட்டு நல்லா தள்ளி நிக்கிற நாளா பாருங்க, சுத்து 16 நாள்தான், அதனால 8 நாளைக்கு ஒருக்கா கிடைக்கும். கிரேட்டிங்க திருப்பி சனியோட நிறப் பட்டை டைட்டனோட பட்டை மேல விழாம வைங்க.

பூம்பாறை_பூண்டு:
நேத்து நிலாவ எடுக்க ஆரம்பிச்சேன், ரெண்டாவது ஷாட்டுக்குள்ள ஐபீஸ் பூரா பனி பூத்துடுச்சு, துடைக்கறதுக்குள்ள மன்னவனூர் பக்கம் இருந்து மேகம் ஏறி வந்துடுச்சு. ஹேர் டிரையர் வாங்கணுமா?

குன்னூர்_ரயில்:
ஆமா தல, 12 வோல்ட்ல ஓடுறது வாங்குங்க, கரண்ட்ட நம்பாதீங்க.