‘கொம்போசிற்’ தாடைக்குத் தமிழ்ச் சொல்: கட்டுத்தாடை?

அனைவருக்கும் வணக்கம். வெவ்வேறு விலங்குகளின் உயிர்ச்சுவட்டுப் (fossil) பற்களைச் சேர்த்துப் பதித்துச் செய்த தாடையை ஆங்கிலத்தில் ‘கொம்போசிற்’ (composite) தாடை என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடியபோது ஐயா சொன்னது இது:

> ‘கூட்டு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. கூட்டுத்தாடை என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, இரண்டு நாளாக இதையே யோசித்துப் பார்த்தேன். கூட்டு வேண்டாம் என்றுதான் படுகிறது. கூட்டிலை என்று படிப்பிக்கிறோம், அது இயற்கையாகவே அப்படி அமைந்தது. கூட்டுத்தாடை என்றால் பல என்புகள் சேர்ந்த தாடை என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். மொசசோர் போன்ற அழிந்துபோன கடல் ஊர்வனவின் கீழ்த்தாடை உண்மையிலேயே பல என்புகள் சேர்ந்தது என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

நாம் பெயர் வைக்கப்போவது சேகரிப்பாளர்களுக்கு விற்கப்படும் ஒரு பொருளுக்கு. மொரோக்கோவில் குரிப்கா பக்கத்துப் பொசுபேற்றுச் சுரங்கங்களில் மொசசோர்ப் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. (நம் தேயிலைக்கு இடுகிற எப்பாவலைப் பொசுபேற்று பாறைக்குழம்பு ஆறி உண்டானது, அதில் பல் தேடிப் பயனில்லை. மொரோக்கோவில் உள்ளது கடலடியில் படிந்தது.) மொசசோருக்கு வாழ்நாள் முழுதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. அதனால் தனிப்பல் மலிவு. பல்லோடு கூடிய தாடை அரிது, விலையும் கூட. எனவே வெவ்வேறு மொசசோர்களின் பற்களை எடுத்து, மணலும் பசையும் குழைத்த கட்டியில் வரிசையாகப் பதித்து, தாடை என்று விற்றுவிடுகிறார்கள்.

எங்கள் பாடசாலைக் கண்காட்சிக்கு அப்படி ஒன்றை ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஆசையோடு வாங்கித் தந்தார். பல்வரிசையின் ஒழுங்குதான் எனக்கு உறுத்தியது. உண்மையான தாடையில் பழைய பல்லின் அடியைக் கரைத்துக்கொண்டு புதுப்பல் வளரும். பாதி முளைத்த பல்லும் வெற்றுக்குழியும் அங்கங்கே இருக்கும். ஓரத்தில், பசையைக் கரைக்கும் அசற்றோனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். மணல் பஞ்சோடு வந்தது.

> போலித்தாடை?

பற்கள் உண்மையானவை, 66 மில்லியன் ஆண்டுகளுக்கும் முந்தியவை. போலி என்றால் அவற்றையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். ‘ஒட்டுத்தாடை’யும் நினைத்தேன். ஆனால் உடைந்த ஒரே தாடையை ஒட்டிச் செப்பனிடுவது நேர்மையான வேலை. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

என் முன்மொழிவு கட்டுத்தாடை. பல் போன பெரியவர்கள் ‘பல்லுக் கட்டியிருக்கிறேன்’ என்பார்கள். கட்டுப்பல் எல்லா வீட்டுக்கும் தெரிந்த சொல். கட்டுக்கதையில் இருப்பதும் இதே கட்டுதான். கையால் சேர்த்துச் செய்தது என்பதும், இல்லாததை இட்டுக்கட்டியது என்பதும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன, பற்களைக் குறை சொல்லாமலே. தமிழக நண்பர்கள் முன்னால் ‘புதைபடிவ’ என்று சேர்ப்பார்கள், இங்கே பாடநூல் வழக்கு ‘உயிர்ச்சுவடு’. இரண்டோடும் பொருந்தும்.

சீட்டில் இப்படி எழுத நினைக்கிறேன்: ‘மொசசோர்ப் பற்கள், கட்டுத்தாடையில் பதித்தவை. மொரோக்கோ.’

வெள்ளிக்கிழமை சீட்டு ஒட்ட வேண்டும். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள், ஐயா.

அன்புடன்,
ஹற்றனிலிருந்து