புதுப்பிப்பு: லயத்திலிருந்து புது வீட்டுக்கு வந்து மூன்று மாதம்

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு, 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீட்டுக்குப் போகவிருந்தோம். மழைக்கால ஈரலிப்பை எப்படிச் சமாளிப்பது, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று வைகாசியில் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நல்லபடியாகக் குடியேறிவிட்டோம்.

"அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்" என்ற யோசனைதான் எங்களைக் காப்பாற்றியது. தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்ட வாரம் மேற்குச் சுவர் வியர்த்தது. கட்டிலுக்கடியில் சுவரோடு கிடந்த பாயில் பூஞ்சணம் பூத்துவிட்டது. அலுமாரித் துணிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுச் சீமெந்துப் பூச்சு காய நாளாகும். வெயில் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் ஜன்னல்களைத் திறந்துவிடுகிறோம். வர்ணம் பூசுவதைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டோம்.

கிராம அலுவலரிடம் பதிவு, மின்சாரம் இரண்டிலும் சிக்கல் இல்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் இரண்டு வாரம் இழுத்தது.

அம்மாதான் கஷ்டப்பட்டார். லயத்தில் அத்தை இருமினால்கூடச் சுவர் தாண்டிக் கேட்கும். இங்கே அந்த அமைதியே அவரைத் தூங்கவிடவில்லை. இதை நான் யோசிக்கவே இல்லை. மாலையானால் பழைய லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) போய் உட்கார்ந்துவிடுவார். பிறகு அங்கிருந்த செவ்வந்திச் செடியை வேர்மண்ணோடு பெயர்த்து வந்து வாசலில் நட்டோம். நேற்று மூன்று மொட்டு. அத்தையைக் கூட்டிவந்து காட்டினார். இருவரும் பிளேன்டீ குடித்துக்கொண்டு, இருட்டும்வரை எங்கள் வாசலிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.