'லாஸ்ட் சீன்' பார்க்காமல் தூக்கம் வரவில்லை

திருச்சிப் பெண்:
பிரிந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னமும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாட்ஸ்அப்பில் அவர் எப்போது வந்து போனார் என்று பார்க்கிறேன். ஆன்லைனில் இருந்தால் நெஞ்சு படபடக்கிறது, இல்லாவிட்டாலும் அப்படியே. இது காதல்தானா அக்கா?

வைகை:
நானும் இருந்த இடம்தான் தங்கச்சி. 1979இல் டோரதி டெனாவ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை 'லிமரன்ஸ்' என்றார். நம்பிக்கையும் சந்தேகமும் கலந்திருக்கும்வரை இந்த ஏக்கம் வளருமாம். எனக்கு அப்படித்தான். பத்து நாள் மௌனம், அப்புறம் ஒரு 'சாப்டியா?'. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம் காத்திருந்தேன். எண்ணை பிளாக் செய்த முதல் வாரம் நரகம். பிறகு மெல்லத் தூக்கம் வந்தது.

குமரி:
தூக்கம் கெடுகிறது என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசு. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

திருச்சிப் பெண்:
சரி அக்கா. இன்றிரவு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.