புதுப்பிப்பு: தங்கையின் லாமோட்ரிஜின் மாத்திரை

பயணத்தில் ஒரு வாரம் வலிப்பு மாத்திரையை விட்டுவிட்ட தங்கை, பழைய அளவிலேயே தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கூடாது. 5 நாளுக்கு மேல் விட்டுப்போனால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அவளுக்கு மறுபடி 25 மில்லிகிராமிலிருந்து மெதுவாக ஏற்றுகிறார்கள். எடுத்த எடுப்பில் முழு அளவு போனால் தோலில் ஆபத்தான தடிப்பு வரலாம், பெரும்பாலும் முதல் 8 வாரங்களுக்குள். தினமும் இரவு அவள் கையைத் திருப்பித் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறேன். தடிப்போடு காய்ச்சலோ வாய்ப்புண்ணோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைதான்.

அப்புறம், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை ரத்தத்தில் இந்த மருந்தின் அளவைக் குறைத்துவிடுமாம். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து கூட்டிவிடும். வேறு என்ன மாத்திரை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு திரும்பி வரும்.