இரவில் தம்பியின் பைக் மற்றவர் கண்ணில் பட என்ன செய்யலாம்?

வணக்கம். என் தம்பி ஒரகடத்தில் நைட் ஷிப்ட் முடித்து, விடியற்காலை மூன்று மணிக்கு பைக்கில் தாம்பரம் திரும்புகிறான். வண்டி, ஹெல்மெட், ஜெர்கின் எல்லாமே கறுப்பு. போன வாரம் ஒரு லாரி அவனைக் கவனிக்காமலே இடப்பக்கம் ஒடித்துத் திரும்பியது. மயிரிழையில் தப்பினான். அன்றிலிருந்து அவன் வந்து சேரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி, அதனால் ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. சரி, பக்கவாட்டில்? அங்கே ஒன்றுமே இல்லை. லாரியின் இடப்பக்கத்தை ஒட்டிப் போனால் டிரைவருக்குக் கண்ணாடியில்கூடத் தெரியாது என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், ஜாக்கெட் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்களேன். மழையில் உரியாத ஸ்டிக்கர் எது? ஹெல்மெட்டில் ஒட்டலாமா? அப்புறம், நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அந்த ஜாக்கெட்டைத் தினமும் போட முடிகிறதா?