ஐடி சப்போர்ட்டை வெளியே கொடுத்தவர்கள், கொடுத்துவிட்டு மாற்றியவர்கள்: அனுபவம் சொல்லுங்கள்

எங்கள் அலுவலகத்தில் நாற்பது பேர் வரை இருக்கிறோம். கம்ப்யூட்டர், மெயில், சர்வர் என எல்லாவற்றையும் இதுவரை ஒரே ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வேறு வேலைக்குப் போகிறார். இன்னொருவரை எடுப்பதற்குப் பதில் வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தேர்வு செய்யும் வேலை என் தலையில்.

மூன்று புரபோசல் வந்திருக்கின்றன. மூன்றிலும் முதல் பக்கத்தில் ஹெட்போன் மாட்டிச் சிரிக்கும் முகம். உள்ளேயும் ஏறக்குறைய ஒரே வாசகங்கள். விலையைத் தவிர எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே இந்த வழியில் போனவர்கள் என்ன பார்த்தீர்கள்? செக்லிஸ்ட் வேண்டாம், நெட்டில் நிறையக் கிடக்கிறது. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்.

தணிக்கை அலுவலக நிர்வாகி

சார், விலையைக் கடைசியில் பாருங்கள். முதல் சந்திப்பிலேயே நான் கேட்பது ஒன்றுதான்: "நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் கையில் என்னென்ன தருவீர்கள்?"

நான் இங்கே சேர்ந்தபோது முந்தைய நிர்வாகம் அமர்த்திய நிறுவனம் ஒன்று இருந்தது. வேலை மோசம் என்று சொல்ல முடியாது, மெத்தனம். மாற்றலாம் என்று முடிவெடுத்துப் புதியவர்களைக் கூப்பிட்டோம். அவர்கள் கேட்ட முதல் விஷயம் டொமைனின் (வெப்சைட், மெயில் முகவரியில் வரும் எங்கள் பெயர்) லாகின். தேடிப் பார்த்தால், எங்கள் டொமைன் பழைய நிறுவனத்தின் பெயரில், அவர்களுடைய மெயில் ஐடியில் பதிவாகியிருக்கிறது. வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணத்தை நாங்கள்தான் கட்டியிருக்கிறோம், ஆனால் ஏட்டில் உரிமையாளர் அவர்கள்! டொமைன் யார் கையிலோ, வெப்சைட்டும் மெயிலும் அவர்கள் கையில். மெயில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு ஒன்றை மாற்றினால் எங்கள் வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில் வேறு எங்கோ போய்விடும்.

தர மாட்டோம் என்று அவர்கள் ஒருநாளும் சொல்லவில்லை. "அனுப்புறோம் மேடம்" என்றார்கள். பிறகு பழைய பில் ஒன்றில் பாக்கி என்றார்கள். பிறகு அந்த வேலை பார்க்கும் பையன் லீவு என்றார்கள். அதற்குள் மற்றவையும் வெளியே வந்தன. மைக்ரோசாஃப்ட் 365-இல் குளோபல் அட்மின், அதாவது எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரமுள்ள கணக்கு, அவர்களிடம் மட்டும். ஃபயர்வால் பாஸ்வேர்டு அவர்களுடைய டெக்னீஷியன் ஒருவருக்கு மட்டும் தெரியும். வக்கீல் மூலம் கடிதம் போன பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. டாட் காம் போன்ற டொமைன்களில் உரிமையாளர் விவரத்தை மாற்றினால், முன்கூட்டியே விலக்கு கேட்டிருந்தால் ஒழிய, வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற 60 நாள் தடை விழுவது வழக்கம். அதனால் சண்டை வருவதற்கு முன்பே, எல்லோரும் சிரித்துப் பேசும் காலத்திலேயே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்த நிறுவனத்தைத் தேடும்போது, "விலகிப்போன ஒரு வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுத்த ஒப்படைப்புக் கோப்பை, பெயரை அழித்துவிட்டுக் காட்டுங்கள்" என்று எல்லோரிடமும் கேட்டேன். இரண்டு பேர் விழித்தார்கள். ஒருவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். நெட்வொர்க் வரைபடம், எந்த லைசென்ஸ் எப்போது முடிகிறது, எந்த நெட்வொர்க் சுவிட்ச் எந்த அறையில், அட்மின் கணக்குகளின் பட்டியல் எல்லாம் இருந்தது. விலை மற்றவர்களைவிடக் கூடுதல்தான். அவர்களையே எடுத்தோம்.

பரிசோதனைக் கூட மேலாளர்

எங்க கதை எஸ்எல்ஏ பற்றி, அதாவது எவ்வளவு நேரத்துல கவனிப்போம்னு ஒப்பந்தத்துல தர்ற உறுதி. "15 நிமிடத்தில் பதில்"னு போட்டிருந்தாங்க, பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. முதல் தடவை ரிப்போர்ட் சர்வர் நின்னப்ப டிக்கெட் போட்டோம். ஒரு நிமிஷத்துல மெயில்: "உங்கள் கோரிக்கை பெறப்பட்டது." அவ்வளவுதான், அவங்க கணக்குல பதில் சொல்லியாச்சு! மனுஷன் பேசினது மத்தியானம். சர்வர் எழுந்தது மறுநாள். மாசக் கடைசியில வந்த ரிப்போர்ட்ல எஸ்எல்ஏ 100 சதவீதம்னு பச்சை நிறத்துல இருந்துச்சு.

பதில் சொல்ற நேரம் வேற, சரிசெய்யற நேரம் வேற. சரிசெய்யற நேரத்தை எந்த நிறுவனமும் முழுசா உறுதி தராது, அதுல நியாயமும் இருக்கு. ஹார்டு டிஸ்க் போனா பார்ட் வரணும் இல்லையா. ஆனா "ஒரு டெக்னீஷியன் உண்மையிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கற நேரம்"னு ஒப்பந்தத்துல எழுத வைக்கலாம். நாங்க எழுத வெச்சோம். எது அவசரம், எது சாதாரணம்னு யார் தீர்மானிக்கறதுங்கறதையும் சேர்த்துக்குங்க. எங்க பழைய ஒப்பந்தத்துல அந்த உரிமை அவங்ககிட்ட இருந்துச்சு. பிரிண்டரும் சர்வரும் ஒரே வரிசையில நின்னுச்சு.

அப்புறம் சிஸ்டம் 99.9 சதவீத நேரம் ஓடும்னு ஒரு எண் காட்டுவாங்க. 24 மணி நேரக் கணக்குல அது மாசத்துக்கு 43 நிமிஷம், வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிக்கலாம்னு அர்த்தம். ஒப்பந்தம் வருஷக் கணக்குல இருந்தா, அந்த எட்டே முக்கால் மணியும் ஒரே வேலை நாள்ல வந்தாலும் அவங்க அதை மீறல.

அந்தப் பக்கம் வேலை பார்த்தவன்

நான் இத்தகைய சேவை நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தவன். இப்போது இல்லை. அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

விற்க வருபவர் வேறு, உங்கள் போனை எடுப்பவர் வேறு. "எங்கள் கணக்கை யார் பார்ப்பார்? அவர் இன்னும் எத்தனை வாடிக்கையாளர்களைப் பார்க்கிறார்? அவர் லீவில் போனால் யார்?" என்று கேளுங்கள். "எங்கள் டீம் பார்க்கும்" என்று பொதுவாகச் சொன்னால், அங்கே ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டண முறையையும் கவனியுங்கள். மணிக்கணக்கில் பில் போடுபவருக்கு உங்கள் சிஸ்டம் அடிக்கடி கெட்டுப்போனால் வருமானம். ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்குபவருக்கு அது கெடாமல் இருந்தால்தான் லாபம். கேட்டால் இரண்டாவதுதான் நல்லது என்று தோன்றும், பெரும்பாலும் சரியும்கூட. ஆனால் மாதக் கட்டணத்தில் வேறொரு சறுக்கல் இருக்கிறது. வேலை குறைந்தால் லாபம் என்பதால் ஒன்றுமே செய்யாமலும் இருக்கலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடியும் என்பது வெகுகாலம் முன்பே தெரிந்த தேதி. எத்தனை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, "உங்கள் மெஷின்களில் இத்தனை மாற்ற வேண்டும்" என்று முன்னாடியே திட்டம் கொடுத்தன? உங்கள் மூன்று பேரிடமும் இதைக் கேளுங்கள். அப்போது அனுப்பிய மெயிலையே காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட முக்கியம். இந்த நிறுவனங்கள் ஒரே ரிமோட் கருவி வழியாக எல்லா வாடிக்கையாளர்களின் மெஷின்களிலும் நுழைகின்றன. வசதிதான். 2021 ஜூலை 2 அன்று கசேயா என்ற நிறுவனத்தின் அப்படிப்பட்ட கருவியில் இருந்த ஓட்டை வழியாக ஆர்-ஈவில் கும்பல் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) அனுப்பியது. நேரடியாக மாட்டியவை ஏறக்குறைய 60 வாடிக்கையாளர்கள், அவற்றில் பல இத்தகைய சேவை நிறுவனங்கள். அவர்கள் வழியாகப் பாதிக்கப்பட்ட தொழில்கள் 1500 வரை. ஸ்வீடனின் கூப் சூப்பர்மார்க்கெட்டில் பில்லிங் மெஷின் ஓடாமல் சுமார் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை மூட வேண்டி வந்தது. கூப் அந்தக் கருவியை நேரடியாக வாங்கவே இல்லை, அவர்களுக்குச் சேவை கொடுத்தவர் பயன்படுத்தியது. ஆகவே "எங்கள் பாதுகாப்பை எப்படிப் பார்ப்பீர்கள்" என்பதோடு, "உங்கள் பாதுகாப்பை எப்படிப் பார்க்கிறீர்கள்" என்றும் கேட்க வேண்டும். ரிமோட் கருவிக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு உண்டா, வேலையை விட்டுப் போன டெக்னீஷியனின் அணுகல் எவ்வளவு நேரத்தில் ரத்தாகும், வாடிக்கையாளர் பாஸ்வேர்டுகள் எங்கே இருக்கின்றன. நான் வேலை பார்த்த இடத்தில் அவை ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தன.

சிறிய அச்சகம் நடத்துபவர்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்களே! எங்களுக்கு ஒரு தனி ஆள்தான், பல வருடமாக. போன் போட்டால் எடுக்கிறார், வருகிறார், சரி பண்ணுகிறார். ஒப்பந்தம் ஒரே பக்கம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன என்று கேட்பீர்கள். அவரே ஒரு நண்பரைப் பழக்கி வைத்திருக்கிறார், பாஸ்வேர்டுகளை உறையில் போட்டு எங்கள் லாக்கரில் வைத்திருக்கிறார். எட்டு மெஷினுக்கு இதற்கு மேல் எனக்குத் தேவையில்லை.

தணிக்கை அலுவலக நிர்வாகி

அந்த உறை இருக்கிறதே, அது போதும் சார். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் அதுகூட இல்லை.

பள்ளி அலுவலகத்தில் இருப்பவர்

பேக்கப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் புரபோசலில் "தினசரி பேக்கப்" என்று இருந்தது. எடுத்தார்களா என்றால் எடுத்தார்கள். ஒருமுறை பழைய மெயில் ஒன்று வேண்டியிருந்தது, நீக்கி வெகுநாள் ஆகியிருந்தது. "அது கிளவுடில்தானே இருக்கிறது, கிளவுடே பேக்கப்தான்" என்றார்கள். மைக்ரோசாஃப்ட் 365-இன் மெயில் சேவையான எக்சேஞ்ச் ஆன்லைனில் முழுவதுமாக நீக்கிய மெயிலை 14 நாள் வரைதான் மீட்கலாம், அமைப்பை மாற்றினால் அதிகபட்சம் 30. அதே 365-இல் கோப்புகளை வைக்கும் ஷேர்பாயின்ட், ஒன்டிரைவில் நீக்கியவை ரீசைக்கிள் பின்னில் 93 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் நீக்கியதையும் இத்தனை காலம் வைத்திரு என்று அமைக்கும் சேமிப்புக் கொள்கை அல்லது தனி பேக்கப் ஏற்பாடு இருந்தாக வேண்டும். அவர்களுடைய "தினசரி பேக்கப்" அலுவலக சர்வருக்கு மட்டும். மெயில் அதில் சேர்த்தி இல்லை. புரபோசலில் மெயில் சேரும் என்றும் எழுதவில்லை, சேராது என்றும் எழுதவில்லை.

இப்போது இருப்பவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாங்களே ஏதாவது ஒரு கோப்பைச் சொல்லி மீட்டுத் தரச் சொல்கிறோம். எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதி வைக்கிறோம். முதல் தடவை முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே ஞாபகப்படுத்துகிறார்கள்.

பரிசோதனைக் கூட மேலாளர்

ஹெல்ப் டெஸ்க்கையும் சோதிச்சுப் பாருங்க. எங்க ஆடிட்டர் சொல்லி, முன்கூட்டியே முதலாளிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு, ஒரு ஊழியரைச் சொந்த போன்ல இருந்து பேச வெச்சோம். இன்னொரு ஊழியர் பேரைச் சொல்லி "பாஸ்வேர்டு மறந்துடுச்சு"ன்னார். மரியாதையா, ரொம்ப அன்பா, ரீசெட் பண்ணிக் குடுத்துட்டாங்க! கேள்வியே கேக்கல. இதைத்தான் அமெரிக்காவின் குளோராக்ஸ் கம்பெனி, தன்னோட ஹெல்ப் டெஸ்க்கைப் பார்த்த காக்னிசன்ட் மேல 2025-ல போட்ட வழக்குலயும் சொல்றாங்க. 2023-ல நடந்த சைபர் தாக்குதல்ல, போன்ல பேசினவன் யாருன்னு பார்க்காமலே பாஸ்வேர்டைக் குடுத்துட்டாங்கங்கறது குற்றச்சாட்டு. காக்னிசன்ட் பொறுப்பு தன்னோடது இல்லைன்னு மறுக்குது. கோர்ட் என்ன சொல்லுதோ சொல்லட்டும், நம்ம ஒப்பந்தத்துல "பதிவான எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்த பிறகே ரீசெட்"னு ஒரு வரி போட்டா செலவு ஒண்ணும் இல்ல.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ஒப்படைப்புக் கோப்பு கேட்டு மூவருக்கும் மெயில் போட்டேன். ஒருவர், "அது எங்கள் உள் விவகாரம்" என்று பதில் அனுப்பியிருக்கிறார். அவரை விட்டுவிட்டேன். மற்ற இருவரும் பழைய வாடிக்கையாளர்களின் நம்பர் தருகிறார்கள், பேசிப் பார்க்கச் சொல்கிறார்கள். அவர்கள் எப்படியும் நல்லதாகத்தானே சொல்வார்கள்?

அந்தப் பக்கம் வேலை பார்த்தவன்

சொல்வார்கள். கொடுக்கும் பட்டியலில் எப்போதும் மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான். அதனால், கடந்த ஓராண்டில் விலகிப்போன ஒருவரின் நம்பரைக் கேளுங்கள். யாருமே விலகவில்லை என்றால் நம்பாதீர்கள். கொடுத்தால், அவரிடம் சேவை எப்படி என்று கேட்க வேண்டாம். கடைசி மாதத்தில் போனை எடுத்தார்களா என்று மட்டும் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் டொமைன் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். குளோபல் அட்மின் ஐந்துக்குக் குறைவாக இருக்கட்டும், அவசரத்துக்கு இரண்டு கணக்கு தனியாக வையுங்கள் என்பது மைக்ரோசாஃப்டே சொல்வது. அந்த இரண்டும் உங்கள் முதலாளியின் பொறுப்பில் இருக்கட்டும். உங்கள் பழைய ஆள் போவதற்குள் இதை முடித்துவிடுங்கள், அவர் போன பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.