11 பேர், அப்பம்மா, மலேசியா: ஒரு வானா, இரண்டு காரா?

உப்புவெளி மகன்:
டிசம்பர் விடுமுறைக்கு வீட்டில் 11 பேரும் மலேசியா போகிறோம். அப்பம்மா, அப்பா, அம்மா, நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய 2 வயது மகள், தங்கச்சி. மொத்தம் 9 நாள்: கோலாலம்பூர், கேமரன் மலை, பினாங்கு. 11 சீற் வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்று இருக்கிறேன். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட வேண்டும், அதனால் பயமில்லை.

கதிர்காமம் போனாலும் நல்லூர் போனாலும் நாங்கள் ஒரே வானில்தான் போவோம். வான் ஊர் தாண்டியதும் அப்பம்மா தேவாரம் தொடங்குவார், பின் சீற்றில் இடியப்பப் பார்சல் பிரியும். இரண்டு காராகப் பிரிந்தால் அது இல்லை.

இன்னொன்று. அப்பம்மாவுக்கு 79 வயது, முழங்கால் வலி. கோணேசர் கோயில் ஏற்றத்திலேயே இரண்டு இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மலேசியாவில் மலை முருகனைக் கும்பிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பத்துமலையில் 272 படி. என்ன செய்யலாம்?

கிண்ணியா சாரதி:
தம்பி, 14 வருடமாக ஹயர் ஓடுகிறேன். 11 சீற்றிலும் ஆள் இருந்தால் பெட்டி எங்கே வைப்பீர்கள்? கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றும்போது நான் தினமும் படும் பாடு இது. இங்கே என்றால் கூரையில் கட்டிவிடுவோம், வாடகை வாகனத்தில் அது நடக்காது. இரண்டு இன்னோவா கார் எடுங்கள். 6 பேர், 5 பேராக ஏறி, கடைசி வரிசையில் ஒரு பக்கத்தை மடித்தால் பெட்டி நிற்கும். உங்கள் தம்பிக்கும் சர்வதேச லைசென்ஸ் வேண்டும், கொழும்பில் மோட்டார் வாகனச் சங்கத்தில் எடுக்கலாம். ஓட்டும் இரண்டு பேருடைய பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாகனத்தைக் கையேற்கும்போதே நாலு பக்கமும், டயர் ரிம் உட்பட, வீடியோ எடுங்கள். என் மச்சான் வெளிநாட்டில் ஒரு பழைய கீறலுக்குக் காசு கட்டினார், காட்டுவதற்கு ஒரு படம்கூட அவரிடம் இருக்கவில்லை.

ஈப்போ மருமகள்:
நான் திருகோணமலைப் பிள்ளைதான், கலியாணம் கட்டி இங்கே வந்தேன். தம்பி, கோலாலம்பூரில் வாகனமே வேண்டாம். நெரிசலும் பார்க்கிங்கும் உங்கள் விடுமுறையைத் தின்றுவிடும். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினால் பத்துமலை வாசலிலேயே இறங்கலாம். நகரத்தை விட்டுப் புறப்படும் நாளில் கார் எடுங்கள்.

நெடுஞ்சாலைச் சுங்கக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டை வேண்டும், காருக்கு ஒன்று. நுழையும்போது தட்டிய அதே அட்டையை வெளியேறும்போதும் தட்ட வேண்டும், மாறினால் கேட்டில் நின்று தவிப்பீர்கள். வேக எல்லை மணிக்கு 110 கி.மீ. குழந்தை இருக்கை கட்டாயம், முன்பதிவிலேயே கேளுங்கள்.

கேமரனுக்குத் தாப்பா வழியாக ஏறாதீர்கள். நம்முடைய றம்பொடை வளைவு மாதிரி ஒடுங்கிய பாதை, பிள்ளைகள் சத்தி எடுப்பார்கள். ஈப்போவுக்குச் சற்று முன்னால் சிம்பாங் பூலாயில் திரும்புங்கள். சுற்றுத்தான், ஆனால் அகலமான ரோட்டு. கிழக்குக் கரைப் பக்கம் மட்டும் டிசம்பரில் போக வேண்டாம். உங்களுக்கு அங்கே மழை கொட்டும் அதே வாடைக்காற்றுதான் இங்கே குவாந்தானிலும் வெள்ளம் கொண்டுவரும்.

அப்புறம் அப்பம்மா. பத்துமலையில் 140 அடி முருகன் அடிவாரத்தில்தான் நிற்கிறார், அங்கேயே கும்பிடலாம். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500க்கு மேல் படி, அதை விடுங்கள். பினாங்கு மலைக்கு இழுவை ரயில் இருக்கிறது, 1923இல் இருந்து ஓடுகிறது. உச்சியில் அருளொளித் திருமுருகன் கோயில். என் மாமியாருக்கும் முழங்கால்தான். ரயிலில் ஏறி, என் கையைப் பிடித்து மெல்ல நடந்து, சந்நிதியில் நின்று அழுதேவிட்டார். காலையிலேயே போங்கள், பிறகு வரிசை நீளும்.

உப்புவெளி மகன்:
அக்கா, இதை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ரயிலிலேயே மேலே போகலாமா?" என்று மூன்று தரம் கேட்டார். கிண்ணியா நானா, பெட்டி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இரண்டு காரே எடுக்கிறோம். நாளொன்றுக்கு ஒரு காரில் அப்பம்மா ஏறுவதாகப் பேச்சு, முதல் நாள் எங்கள் முறை.